டேட்டாபேஸில் ஒன்றும் இல்லை

துணை மேயர் ஜுரோவ் காலையில் உள்ளூர் வானொலியில் சொன்னார்: "நூலகத்து டேட்டாபேஸையே தேடிப் பார்த்துட்டேன். நம்ம வெந்நீர்க் குளியல்கூடத்தை யாரு கட்டுனாங்கன்னு அதுல ஒண்ணும் இல்ல."

அதை இடித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் கட்டலாமா என்று மாலை நான்கு மணிக்கு நகரமன்றத்தில் வாக்கெடுப்பு. ஊர் மக்களே கட்டியது என்று ஆதாரம் காட்டினால் அதில் ஒரு கல்லைத் தொடவும் யாரும் கை தூக்க மாட்டார்கள். பதினாறு வருடமாக அந்த டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஒண்ணும் இல்லையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு ஸ்னெஜினா குளியல்கூடத்துச் செருப்போடே நூலகத்துக்கு ஓடிவந்தாள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். கணினி முன் உட்கார்ந்து, "எங்கள் ஊர் பிஸ்த்ராவில் உள்ள வெந்நீர்க் குளியல்கூடத்தை யார் கட்டினார்கள்" என்று அடித்தாள். பூஜ்ஜியம்.

"அக்கா, அதுகிட்ட கதை சொல்லாதீங்க. முக்கியமான ரெண்டு வார்த்தை போதும்."

பிஸ்த்ரா, குளியல்கூடம். பதினொன்று வந்தன. எல்லாம் 1970க்குப் பிறகு குழாய் பழுதுபார்த்த கதை. ஜுரோவ் இத்தோடு எழுந்து போயிருப்பார்.

"கட்டுனது எப்போ?"

"வாசல்ல 1931னு செதுக்கியிருக்கு."

"அப்போ இந்த ஊருக்கு என்ன பேரு?"

ஸ்னெஜினா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இலிஜா! முப்பத்தி நாலுலதானே பேரை மாத்துனாங்க! குளிக்க வர்ற கிழவிங்க இன்னும் இலிஜா தண்ணினுதான் சொல்லுதுங்க!"

புத்தகத்தில் அன்று அச்சான பெயரைத்தான் பட்டியலும் வைத்திருக்கும். இலிஜா என்று போட்டதும் முந்நூற்று நாற்பது. கூடவே குளியல்கூடம், ஊற்று, வெந்நீர் மூன்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்றேன். ஆண்டை 1928 முதல் 1935 வரை சுருக்கினேன். இரண்டு நின்றன. இரண்டுமே நாளிதழ்ச் செய்தி, கட்டியவர் பெயர் இல்லை.

"அவ்வளவுதானா?" அவள் எழுந்துவிட்டாள்.

"இருங்க. நல்லதா ஒண்ணு சிக்குனா, அது எதைப் பத்தினதுன்னு கீழ போட்டிருக்கற பொருள் தலைப்பைப் பிடிச்சுக்கணும்."

பெண்கள் சங்கங்கள், இலிஜா. அதைத் தட்டினேன். ஏழு. மூன்றாவது ஒரு சிறு புத்தகம்: 'ஆற்றிலிருந்து கல் சுமந்தவர்கள், 1931'. தலைப்பில் குளியல் என்ற பேச்சே இல்லை, பிறகு எப்படி அகப்படும்? கிடங்கிலிருந்து எடுத்துவந்து பிரித்தோம். குளியல்கூடத்துக்குக் கல் சுமந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் பெயர்கள். ஸ்னெஜினா கத்தினாள். அதட்ட வேண்டிய நானும் சேர்ந்து கத்தினேன்.

நான்கு மணிக்கு மன்றத்தில் அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். தலைவர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை.

"ரதா ஜுரோவா, முப்பத்தெட்டுக் கூடை."

கூட்டம் முழுவதும் துணை மேயரைத் திரும்பிப் பார்த்தது. அவர் காதுவரை சிவந்தார்.

"எங்க... கொள்ளுப்பாட்டி."

"அவங்க சுமந்தாங்க. நீங்க இடிங்க," என்றாள் ஸ்னெஜினா.

குளியல்கூடத்தைக் காக்க முதலில் உயர்ந்தது ஜுரோவின் கைதான். பிறகு எல்லாக் கைகளும். ஸ்னெஜினா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வெளியே ஜுரோவ் என்னிடம் வந்தார். "நானும் தேடுனேனே, எனக்கு மட்டும் ஏன் வரல?"

"என்ன போட்டீங்க?"

"பிஸ்த்ரா."

"உங்க கொள்ளுப்பாட்டி கல் சுமந்தது இலிஜாவுல, சார்."