வளைவில் தங்கிய மணல்

பாளையம்பட்டி பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றில், பழைய கார்களின் பிரேக் வேலையை மட்டும் நான் செய்து வந்தேன். எஞ்சின் வேலை கேட்டு வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அருப்புக்கோட்டையில் வேறு இடம் சொல்லி அனுப்பிவிடுவேன். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்றவன். என் பெயர் செல்வக்குமார்.

பழைய கார்களுக்குரிய பிரேக் குழாய்கள் இப்போது அளவாக வெட்டி வளைத்த நிலையில் கிடைப்பதில்லை. பென்சிலைவிட மெல்லிய செம்புக் கலப்புக் குழாயை மதுரையிலிருந்து சுருளாக வாங்கி வர வேண்டும். சுருளை முதலில் நேராக்க வேண்டும். பிறகு வண்டியின் அடிப்பகுதிக்குத் தக்கபடி வளைக்க வேண்டும். இரண்டுக்கும் கருவிகளை நானே செய்துகொண்டேன். ஓர் இரும்புப் பட்டையில் ஏழு பழைய பேரிங்குகளை, மேலே நான்கும் கீழே மூன்றுமாக, மேலுள்ளவற்றின் இடைவெளியில் கீழுள்ளவை விழும்படி முடுக்கியிருந்தேன். அவற்றுக்கிடையே குழாயைச் செருகி மூன்று முறை இழுத்தால், வளைந்து வந்தது அளவுகோல்போல நிமிர்ந்துவிடும். வளைப்பதற்கு, ஸ்லைடிங் கேட்டின் அடியில் உருளும் பள்ளச் சக்கரம் ஒன்றை மேசையில் பொருத்தியிருந்தேன். நெருக்கமான வளைவுகளுக்கு அது பெரிது என்பதால், விசைத்தறிக் கூடத்தில் கழித்துப்போட்ட சின்னஞ்சிறு சக்கரம் ஒன்றையும் வைத்திருந்தேன்.

அந்தச் சின்னச் சக்கரத்தில் வளைக்கும்போது குழாய் நசுங்கும். நசுங்காமல் இருக்க, அதற்குள் மணலை நிரப்பி இரு முனைகளையும் மரத்தக்கையால் அடைத்துவிட்டு வளைப்பேன். எங்கள் பக்கம் கரிசல் மண். மணலுக்குத் திருச்சுழிக்குப் போய்க் குண்டாற்றில்தான் அள்ளி வர வேண்டும். அதை வாணலியில் வறுத்து, வேட்டித் துணியில் சலித்து, டப்பாவில் வைத்திருப்பேன். பிரேக் குழாய்க்குள் மணல் போகவே கூடாது என்று புத்தகங்கள் சொல்லும். அது எனக்குத் தெரியும். ஆகவே வளைத்து முடித்ததும் கம்ப்ரசர் காற்றை ஐம்பது எண்ணும்வரை இரு பக்கமும் மாற்றி மாற்றிச் செலுத்துவேன். ஆறு ஆண்டுகளில் ஒரு குறையும் வந்ததில்லை.

பரளச்சியில் நிலபுலன் உள்ள ஜெயபாண்டி அவர்களின் அம்பாசிடர் கார், சென்ற ஆவணி மாதத்தில் என்னிடம் வந்தது. அவர்களுடைய தகப்பனார் வாங்கிய வண்டி. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய்வழி உள்ள பழைய அமைப்பு. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் பிடிக்காது. அதை ஓட்டிவந்தவர் ஆண்டிச்சாமி. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். ஒரு காலத்தில் எங்கள் குடும்பத்தார் அவர்களுடைய நிலத்தில் வேலை பார்த்தவர்கள். அண்ணன் பதினோரு ஆண்டுகளாக அவர்களிடம் ஓட்டுநராக இருந்தார். அவர் சொல்லித்தான் வண்டி என்னிடம் வந்தது.

மறுநாள் வண்டி வேண்டும் என்றிருந்த நிலையில், அன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் மாலை ஐந்துக்குத்தான் வரும் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். நான் இரண்டு மணிக்குள் எல்லாக் குழாய்களையும் வளைத்து முடித்துவிட்டேன். முன் இடது சக்கரத்துக்குப் போகும் குழாயில் மட்டும் நெருக்கமான வளைவுகள் இரண்டு. கம்ப்ரசர் ஓடாததால் அதற்குள் மணல் அப்படியே இருந்தது. முந்தைய நாள் தூறலில் டப்பாவிலிருந்த மணல் சற்று ஈரப்பட்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மூன்று மணிக்கு ஜெயபாண்டி அவர்களே பட்டறைக்கு வந்தார்கள்.

"ஏப்பா செல்வம், இன்னுமா முடியல? நாளைக்கு விடிஞ்சா எம் பொண்ணுக்குப் பரிசம். எங்கப்பா வண்டியிலதான் மாப்பிள்ளை வீட்டாளுகளக் கூட்டியாரணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

"ஐயா, கரண்டு இல்லீங்க. அஞ்சு மணிக்கு மேல…"

"கரண்டா பிரேக்கு மாட்டுது? நீதானப்பா மாட்டுற!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். நானும் சிரித்தேன். "சரிங்கய்யா" என்றேன்.

அவர்கள் டீ குடிக்கப் போன பிறகு அண்ணன் என்னருகில் வந்து, "ஏலே, டிப்ளமா வரைக்கும் படிச்சியே, முடியாதுங்கிற வார்த்தைய மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லித் தரலையா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணே. முடிஞ்சிரும்."

குழாயை மரச்சுத்தியலால் தட்டினேன். வாயால் ஊதினேன். மணல் கொட்டியது; மீண்டும் தட்டியபோது கொஞ்சம் கொட்டியது; அதன் பின்பு கொட்டவில்லை. பிரேக் ஆயிலை உள்ளே ஊற்றி வடித்தேன். சுத்தமாகத்தான் வந்தது. நேரான குழாய் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடலாம். வளைந்த குழாய்க்குள் பார்க்க வழியில்லை. இரண்டு மணி நேரம் பொறுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெரியவர்கள் வந்து நிற்கும்போது காத்திருக்கச் சொல்வது மரியாதை இல்லை என்றுதான் என் மனம் நினைத்தது. நாலரை மணிக்கு வண்டி பட்டறையைவிட்டு இறங்கியது. அண்ணன் தெருமுனை வரை ஓட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்து, ஜன்னல் வழியே கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

பரிசம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பத்தொன்பதாவது நாள், காலை எட்டரை மணிக்கு, பரளச்சிச் சாலையில் ஒரு பேருந்து நிழற்குடையின் தூணில் அந்தக் கார் மோதி நின்றது. தூணுக்கும் காருக்கும் இடையில் தங்கலட்சுமி என்ற பெண்மணி சிக்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வேலைக்குப் போகப் பேருந்துக்காக நின்றவர். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் பிரிந்துவிட்டது. வண்டியில் அண்ணனைத் தவிர யாரும் இல்லை.

இடித்த வேகத்தில் சக்கரம் இறுகிவிட்டது, வண்டியை இழுக்க முடியவில்லை என்று காவலர் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். என் எண் வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. போனேன். இறுகியிருந்தது முன் இடது சக்கரம். அதன் பிரேக் டிரம்மைக் கழற்றினேன். உள்ளே பிரேக் ஆயில் பல நாளாக ஒழுகிப் புழுதியோடு சேர்ந்து சேறாகியிருந்தது. சக்கரத்துச் சிலிண்டரைத் திறந்து பார்த்தேன். ஆயிலை வெளியே விடாமல் பிடிக்கும் ரப்பர் ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிசலில் ஏழெட்டு மணல் துகள்கள் ஒட்டியிருந்தன.

காவலர் சற்றுத் தள்ளி நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் வேஸ்ட் துணியால் சிலிண்டரைத் துடைத்தேன். கிழிந்த ரப்பரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். டிரம்மை மூடிவிட்டு, "இழுக்கலாங்கய்யா" என்றேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் சீமைக்கருவேலங்காட்டுக்குள் அந்த ரப்பரை வீசினேன். இவற்றையெல்லாம் யோசித்துச் செய்ததாக நினைவில்லை. ஆனால் என் கைகள் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை.

வண்டியைப் பிறகு பார்வையிட்ட மோட்டார் வாகன ஆய்வாளர், மோதலில் முன்பக்கக் குழாய் ஒடிந்து ஆயில் வெளியேறியிருக்கிறது என்று எழுதினார். குழாய் ஒடிந்திருந்தது உண்மைதான். காவல் நிலையத்தில் என்னையும் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். 'மேற்படி வாகனத்தின் பிரேக் பழுதுகள் என்னால் முறையாக நீக்கப்பட்டன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அண்ணன் ஜாமீனில் வந்தார். குடித்திருந்தான் என்று முதலில் பேசினார்கள். பரிசோதனையில் இல்லை என்று ஆனதும், தூங்கிவிட்டான் என்றார்கள். ஜெயபாண்டி அவர்கள் வேறு ஓட்டுநரை வைத்துக்கொண்டார்கள். நான் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு முற்பகலில் அண்ணனின் மனைவி துர்காதேவி மதினி பட்டறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க அண்ணன வந்து ஒரு எட்டு பாருங்க தம்பி. நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாக."

"என்ன மதினி, உடம்புக்கு ஏதும்…"

"உடம்புக்கு என்ன, கல்லு மாதிரிதான் இருக்காக. உக்காந்த எடத்துலயே வலது கால அமுக்கிக்கிட்டே இருக்காக. சோறு திங்கும்போதும் அமுக்குறாக. தரையில அந்த எடம் மட்டும் வழுவழுன்னு ஆயிப்போச்சு. நேத்து அந்தச் செத்துப்போன அம்மா வீட்டுக்குப் போயி, அவுக வீட்டுக்காரரு அருஞ்சுனை கால்ல விழுந்து, நான்தான் மாத்தி மிதிச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்காக. ஊரே பாத்திருக்கு."

அன்று பிற்பகலே போனேன். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"வாலே. உன்னத்தான் நெனச்சேன். ஒண்ணு கேக்கணும். நீ படிச்சவன், சரியாச் சொல்லுவ."

"கேளுங்கண்ணே."

"பிரேக்க மிதிச்சா ஒரு எதிர்ப்பு இருக்கும்ல? அன்னைக்கு அது இல்லலே. வெண்ணெய்க்குள்ள கால விட்ட மாதிரி போச்சு. கிளட்ச மிதிச்சா அப்படித்தான போகும்? அப்ப நான் கிளட்சத்தான் மிதிச்சிருக்கேன். பதினோரு வருசம் ஓட்டுன காலு. எப்படி மாறுச்சுன்னுதான் தெரியல."

"அண்ணே…"

"வண்டியில கோளாறுன்னு வக்கீலு சொல்லச் சொல்றாரு. நான் மாட்டேன்னுட்டேன். எந்தம்பி கை பட்ட வேலை, அதுல கோளாறு இருக்காதுன்னுட்டேன். தப்பச் செஞ்சவன் நானு, உம்மேல எதுக்குப் பழியப் போடணும்?"

சொல்லும்போதும் அவர் கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மின்தடை, மணல், வாயால் ஊதியது, கிழிந்த ரப்பர், கருவேலங்காடு எல்லாவற்றையும் சொன்னேன். வார்த்தைகளை அடுக்கி, வரிசை தவறாமல் சொன்னேன். இடையில் எங்கோ அவர் கால் நின்றுவிட்டது.

மதினி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் பேசினார்: "ஒண்ணரை மாசம்." அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

"அப்ப நான் மிதிச்சது பிரேக்கு" என்றார் அண்ணன்.

"பிரேக்குதாண்ணே."

"அந்த மனுசன் கால்ல விழுந்து, நான் கொன்னுட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்லே." எழுந்து செருப்பைத் தேடினார். "கெளம்பு. ஸ்டேசன்ல சொல்லு."

போவதற்கு முன் கருவேலங்காட்டில் இறங்கித் தேடினோம். முள் கீறியதுதான் மிச்சம். ஒன்றரை மாதத்தில் இரண்டு மழை பெய்திருந்தது.

நிலையத்தில் நான் எழுதிக்கொண்டுபோன மனுவைச் சார்பு ஆய்வாளர் நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை.

"நீ ஆண்டிச்சாமிக்கு என்னப்பா வேணும்?"

"தம்பிங்கய்யா. அவுக என் பெரியப்பா மகன்."

"அப்படிச் சொல்லு." என் பழைய வாக்குமூலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "இதுவும் நீ எழுதினதுதான? கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. அன்னைக்குச் சரியாச் செஞ்சேன்ங்கிற. இன்னைக்குச் சரியாச் செய்யலைங்கிற. எத எடுத்துக்கிட?"

"இதுதான் உண்மைங்கய்யா."

"அந்த ரப்பரு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேங்கய்யா."

"மணலு?"

"துடைச்சிட்டேங்கய்யா."

"வெளியில உக்காந்திருக்கானே உங்கண்ணன், அவனே அந்த வீட்டுல போயி மாத்தி மிதிச்சிட்டேன்னு சொல்லியிருக்கான். முப்பது பேரு கேட்டிருக்காக. ஆய்வாளர் ரிப்போர்ட்டும் மோதுனதுலதான் ஒடிஞ்சதுங்குது. அண்ணன் மேல பாசம் இருக்க வேண்டியதுதான் தம்பி. அதுக்காக இப்படியா?" மனுவை மடித்து, கோப்பின் கடைசியில் செருகினார். "வக்கீல வச்சு கோர்ட்ல சொல்லிப் பாரு. எனக்கு வேலை இருக்கு."

நான் கைகூப்பி, "நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று தெரியவில்லை.

அண்ணன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "ரெண்டு வருசம் கிடைக்கும்ங்கிறாரு வக்கீலு. லைசென்சு போயிரும்" என்றார், வேறு யாருடைய வழக்கையோ சொல்வதுபோல. பிறகு, "அருஞ்சுனை வீட்டுக்கும் நீ போகணும். நான் கூட வரமாட்டேன். தனியாப் போ" என்றார்.

"போறேண்ணே."

"என்னைக்கு?"

நான் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. அவர் முன்பக்கம் ஏறினார். நான் பின்பக்கம் ஏறி, அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைக் கண்டு அருகில் போனேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இருக்கையில் போட்டார். நடத்துநர் வந்து, "ரெண்டு பாளையம்பட்டியா?" என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றார் அண்ணன். "அவரு வேற."