எத்திராஜ் வண்டியின் சூட்டுப் பெட்டி

பூந்தமல்லி வெயிலில் ஒரு வண்டியின் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி மூடிக்கொண்டு, உள்ளே சூடு வரவில்லையே என்று ஒருத்தன் அழுதால் அவனை என்னவென்று சொல்வது? பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். ரோட்டில் போன மாட்டுவண்டிக்காரர்கள் துலுக்கானத்தை அப்படித்தான் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, காலடியிலிருந்த தகரப் பெட்டியின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அவன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து வந்த காற்றில் ஆறிப்போன கஞ்சியின் சூடுகூட இல்லை.

அது ஊட்டித் தோட்டத்துத் துரை ஒருத்தர் ஓட்டித் தேய்த்துவிட்டு ஏலத்தில் தள்ளிய பிக்கப் வண்டி. மலைக்குளிருக்காக அவர் உள்ளே ஒரு சூட்டுப் பெட்டி வைத்திருந்தார். எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பெட்டிக்குள் வந்து, மெல்லிய செம்புக் குழல்களில் ஓடி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பிப் போகும். சின்னக் காற்றாடி ஒன்று அந்தச் சூட்டை ஆள் மேல் தள்ளிவிடும். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கிய சண்டைக்காலத்தில், காட்டுப்பாக்கத்து எத்திராஜ் இந்த வண்டியை ஏலத்தில் எடுத்தான். ஊட்டியிலிருந்து உருளைக்கிழங்கும் கோசும் கொண்டுவந்து முகாமுக்குப் போடுகிற கான்ட்ராக்ட் அவனுக்கு. வண்டி ஓட்ட துலுக்கானம்.

எத்திராஜ் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன். போன நடையில் மலை ஏறும்போது தானும் வருகிறேன் என்று கூடவே ஏறிக்கொண்டான். குன்னூர் தாண்டுவதற்குள் அவனுக்குப் பல்லெல்லாம் தந்தியடித்தது. கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு வந்தவன், ஊர் திரும்பிய மறுநாள் காலை நாலு பேர் நிற்கிற இடத்தில் வைத்து துலுக்கானத்தைப் பிடித்துக்கொண்டான்.

"தொர ஓட்ன வரைக்கும் அடுப்பாட்டம் சூடு வந்துதாமேடா. இப்ப இன்னாடா வரல? உள்ள கீற செம்பையெல்லாம் உருவி மேட்டுப்பாளையத்துல வித்துட்டியா?"

"சத்தியமா இல்ல மொதலாளி. நான் அத்தத் தொட்டதுகூட இல்ல."

"சாயங்காலத்துக்குள்ள சூடு வர்ணும். வரலேன்னா போலீசு டேசனுக்கு இட்டுகினு பூடுவேன். திருட்டுப் பய!"

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் துலுக்கானம் பயந்தான். வேலை போனால் போகட்டும், கூலிக்கு மண் வெட்டியாவது பிழைக்கலாம். திருடன் என்று பேர் விழுந்தவனை முகாம் வாசலுக்குள் விடமாட்டார்கள், எவனும் ஸ்டீரிங்கைத் தொட விடமாட்டான். சேரியில் பெண்டாட்டி முனியம்மா தலைநிமிர்ந்து தண்ணீர்க் குடம் தூக்க முடியுமா? ரோட்டோரம் நிறுத்திக் கையை நீட்டிப் பார்த்தும் பலனில்லாமல், டிரங்க் ரோட்டில் இருந்த நாகேந்திரனின் ஷெட்டுக்கு வண்டியை விட்டான்.

நாகேந்திரன் மெக்கானிக், முன்கோபி, வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது. பானெட்டைத் தூக்கினான். தூக்கினவன் முகத்தைச் சுளித்தான்.

"இன்னா நைனா, வண்டில எறும்பு மேயுது?"

ரேடியேட்டர் மூடியைச் சுற்றிச் சிவப்பெறும்பு சாரை வைத்திருந்தது. துலுக்கானமும் கொஞ்ச நாளாகவே பார்க்கிறான். காலையில் துடைத்துவிட்டால் மறுநாள் காலையில் மறுபடி வந்து நிற்கும்.

நாகேந்திரன் சூட்டுப் பெட்டிக்குப் போகிற இரண்டு ரப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்த்தான். ஒன்று கை வைக்க முடியாமல் சுட்டது. இன்னொன்று சில்லென்று இருந்தது.

"தண்ணி உள்ள போவுது, வெளிய வரல. நடுவுல அடச்சிகினு கீது. எவனும் எதையும் உருவல, செம்பு உள்ளதான் கீது."

துலுக்கானத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, நாகேந்திரன் குழாயைக் கழற்றினான். அப்போது வந்தது பார் ஒரு நாற்றம்! அட கர்மமே! புளிச்ச கள்ளும் சிக்குப்பிடித்த நெய்யும் அழுகின வாழைப்பழமும் ஒன்றாகச் சேர்ந்து மூக்கைக் குடைந்தது. குழாயிலிருந்து தண்ணீர் வரவில்லை. செம்மண் நிறத்தில், நூல் நூலாக, கொழகொழவென்று ஒரு கண்றாவி மெதுவாக வழிந்து நாகேந்திரன் முழங்கை வரைக்கும் இறங்கியது.

"தூ! தூ! இன்னாத்தடா ஊத்தினே இதுல?" நாகேந்திரன் குமட்டிக்கொண்டு ஓடிப்போய் ரோட்டோரம் துப்பினான். "ரேடியேட்டர் ஒழுவுதுன்னா மஞ்சத்தூளு போடுவானுங்க. சில நாய்ங்க சாணியக் கரச்சி ஊத்தும். நீ எத்தப் போட்டே?"

"நான் கெணத்துத் தண்ணியத் தவிர ஒண்ணும் ஊத்தல அண்ணாத்தே! எங்கம்மா மேல ஆணை!"

நம்பாத பார்வை பார்த்தான் நாகேந்திரன். ஆனாலும் வேலையை விடவில்லை. பெட்டியைக் கழற்றி, சலவைச் சோடாவைக் கொதிக்கும் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றி ஊறவைத்தார்கள். பிறகு வெளியே வருகிற பக்கத்திலிருந்து தலைகீழாகத் தண்ணீரைக் கைப்பம்பால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாய் சகதி கக்கியது பெட்டி. துலுக்கானம் அதை ஒரு தகர டப்பாவில் பிடித்தான். நெய்க் கட்டி வந்தது, வாழைநார் வந்தது, கடைசியில் டொக்கென்று டப்பாவில் ஏதோ விழுந்தது. துலுக்கானம் இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தான்.

பேரீச்சங்கொட்டை.

"வண்டி பேரீச்சம்பயம் துன்னுதா?" என்றான் நாகேந்திரன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. வாந்தி வராத குறையாக ரேடியேட்டரையும் சோடா போட்டுக் கழுவி, எல்லாவற்றையும் மாட்டி, நல்ல தண்ணீர் ஊற்றி எஞ்சினைக் கிளப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பெட்டியிலிருந்து அனல் அடித்தது. அந்த வேக்காட்டில் அந்த அனலை முகத்தில் வாங்கிக்கொண்டு துலுக்கானம் கண் கலங்கினான். திருடன் இல்லை என்று ஆயிற்றே!

வெயில் தாழ எத்திராஜ் வந்தான். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான், கையை நீட்டினான், வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு. இறங்கி வந்து துலுக்கானத்தின் தோளில் தட்டினான்.

"பாத்தியா? டேசன்னு ஒரு வார்த்த சொன்னேன், செம்பு திரும்ப வந்துடுச்சி. எங்கடா ஒளிச்சி வெச்சிருந்தே?"

அடப்பாவி! சூடு வராவிட்டால் திருடன், வந்தால் பயந்துபோய்த் திருப்பிக்கொடுத்த திருடன்! நாகேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. தகர டப்பாவை எடுத்து எத்திராஜ் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"திருடலாம் ஒண்ணும் இல்ல. இந்தக் கர்மம் அடச்சிகினு இருந்துச்சி. நீயே பாரு."

எத்திராஜ் பார்த்தான். கொட்டையைப் பார்த்தான், நாரைப் பார்த்தான், மோந்து பார்த்தான். அவன் கண் விரிந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"அடப் பாவிங்களா! பஞ்சாமிர்தம்டா இது! ஆயுத பூசையன்னிக்கி வண்டி வாயில நானே என் கையால ஊத்துனேன். நெத்தில சந்தனம் வெச்சா போதுமா? அதுக்கும் வயிறு கீதுல்ல? சோறு போடுற தெய்வம்னு சொம்போட கவுத்தேன். சாமி பிரசாதத்தப் போயி துரு டப்பால புட்ச்சி வெச்சிருக்கீங்களே, வெளங்குவீங்களா?"

நாகேந்திரன் தலையில் அடித்துக்கொண்டான். "பஞ்சாமிர்தத்த ரேடியேட்டர்ல ஊத்துவானாய்யா ஒரு மனுசன்?"

"பிரசாதத்தால ஒரு வண்டி கெடுமா? வாயக் கயுவு!" என்று சீறினான் எத்திராஜ். துலுக்கானத்திடம் சொன்ன வார்த்தைக்கு ஒரு வருத்தம்? மூச்.

துலுக்கானம் அந்த ஆயுத பூசையை நினைத்துப் பார்த்தான். விடிகாலையிலிருந்து வண்டியைத் தேய்த்துக் கழுவினது அவன். திருஷ்டிக்குப் பூசணிக்காய் வாங்கிவர வானகரத்துக்கு நடையாய் நடந்தது அவன். வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, பிரசாதத்துக்குக் கை நீட்டி நின்றான். காலிச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டி எத்திராஜ் சொன்னான்: "தீந்து பூட்ச்சிடா. எல்லாம் சாமிக்கே சரியா பூட்ச்சி." அன்றைக்கு வீட்டு வாசலில் நின்றுகொண்டு முனியம்மா கேட்டாள், "இன்னாய்யா, பூசைக்குப் போயி வெறுங்கையோட வர்றே?" அவன் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

ஒரு வாய் கொடுக்க மனசில்லாதவன், சொம்பு நிறைய இரும்புக்கு ஊட்டியிருக்கிறான். அதைக் கக்க வைத்துக் கை நாற டப்பாவில் பிடித்தவனைத் திருடன் என்கிறான். நாகேந்திரன் கையிலிருந்த டப்பாவைத் துலுக்கானம் வாங்கிக்கொண்டான்.

"மொதலாளி, கைய நீட்டுங்க. பிரசாதம்."

அந்த வார்த்தையைக் கேட்டுப் பழகின கை. யோசிக்கவே இல்லை எத்திராஜ். இடக்கையை அடியில் கொடுத்து, வலக்கையைக் குழித்து, பயபக்தியாக நீட்டிவிட்டான். அந்தக் குழிந்த கையில் துலுக்கானம் டப்பாவை அப்படியே கவிழ்த்தான். சகதி விரலிடுக்கில் வழிந்து, சட்டைக்கையை நனைத்து, வெள்ளை வேட்டியில் சொட்டியது. அதன் மேல் வண்டிச் சாவியையும் வைத்தான்.

"டேய்... டேய்!" என்றான் எத்திராஜ். பிரசாதத்தை உதறினால் பாவம், உதறாவிட்டால் நாற்றம். நீட்டின கையை நீட்டினபடியே வைத்துக்கொண்டு நின்றான்.

"அத்த நல்லா கண்ல ஒத்திக்கினு சாப்புடுங்க. நாளைக்கி நீங்களே ஓட்டுங்க. உள்ள நல்லா சூடா கீது."

துலுக்கானம் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வீட்டுக்கு வந்து மண்ணைப் போட்டுத் தேய்த்தான், சீயக்காய் போட்டுத் தேய்த்தான், அந்தப் புளிச்ச நாற்றம் போகிற வழியாக இல்லை. முனியம்மா தட்டை வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உவ்வே! இன்னாய்யா கையில இப்டி நாறுது?"

"ஆயுத பூசைப் பிரசாதம்டி. எம் பங்கு இன்னிக்கிதான் கெடச்சிது."