பூந்திக் கரண்டி வழியே சூரியன்

1

இந்தக் கதையில் வரும் சூரிய கிரகணத்தை நான் பார்க்கவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை பிற்பகல். தேனியை ஒட்டிய அல்லிநகரத்தில் கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, தலை வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். ஆண்டவரை நம்புகிறவன்தான், அன்றைக்குத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் கூடுதலாக நம்பிவிட்டேன்.

பார்க்காததை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. கதை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "வானம் இருண்டது. பறவைகள் கூடு திரும்பி" — அடித்துவிட்டேன். போர்வைக்குள் இருந்தவனுக்குப் பறவைகளைப் பற்றி என்ன தெரியும்?

இரண்டாவது: "சாராள் ஓர் அபலை" — இல்லவே இல்லை. (எழுதும்போதே அவள் என்னை முறைத்தாள்.)

மூன்றாவது இது. தேனி கடைவீதியில் பொன்னுராஜ் போட்டோ ஸ்டுடியோ. பொன்னுராஜுக்குக் கம்பத்தில் திராட்சைத் தரகு. கேமராவைத் தொட்டதே இல்லை. படம் எடுப்பதும் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் அவர் மனைவி சாராள்தான், பதினோரு வருஷமாக. ஆனாலும் உள்ளே வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "போட்டோக்காரர் இல்லையா?" பாதிப் பேர் அப்படியே திரும்பிப் போய்விடுவார்கள்.

அந்த வருத்தத்தில்தான் அவள் வீதி கேட்கச் சொல்லிவிட்டாள்: "கிரகணத்தப் படம் பிடிச்சுத் திங்கக்கெழம கடை முகப்புல மாட்டுறேன்."

எதிர்க்கடை மிட்டாய்க்கார ராக்கம்மாள், "சூரியனக் கொஞ்சம் சிரிக்கச் சொல்லு ஆத்தா," என்றாள். வீதியே சிரித்தது.

கேமராவின் பிலிம் சுருளில் மிச்சம் மூன்று படம். வெல்டிங் பட்டறையில் கேட்டு வாங்கிய கனத்த கறுப்புக் கண்ணாடி ஒன்று. அதை லென்ஸுக்கு முன்னால் பிடித்தால்தான் சூரியன் படத்தில் அடங்கும்.

3

மணி மூன்றரை. முழுக் கிரகணம் வடக்கே எங்கேயோ. தேனிக்கு வாய்த்தது பிறையளவு வெயில். வீதியில் ஆளே இல்லை. ஸ்டுடியோ வாசலில் முக்காலியை நிறுத்தி, மேற்கே பார்த்துக் கேமராவைத் திருப்பியிருந்தாள் சாராள். இன்னும் கால் மணி நேரத்தில் கிரகணம் உச்சம்.

அப்போது பார்த்தாள். வாழைத்தார் லாரி ஓரமாக நின்று, விரல் இடுக்கு வழியே சூரியனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார் சுமைக்காரர் தவசி.

"அண்ணே, வெறுங்கண்ணால பாக்காதீங்க. இருக்கிறதே ஒரு கண்ணு."

"அதான் ஆத்தா பயமில்ல. எனக்குப் பாதிக் கிரகணம் சின்ன வயசுலயே பிடிச்சிருச்சு. மீதியையும் பாத்துட்டுப் போறேன்."

(தவசியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் வரைவில் அவருக்கு இரண்டு கண்ணும் கொடுத்திருந்தேன். ஆனால் அப்போது சாராள் கண்ணாடியைக் கொடுக்கவில்லை. திட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அவள் கை இளகுவதற்காக அவருடைய கண் ஒன்றை எடுத்தேன்.)

சாராள் கறுப்புக் கண்ணாடியை அவர் கையில் வைத்தாள். "ஒரு தடவ பாத்துட்டுக் குடுத்துருங்க."

தவசி பார்த்தார். "அடேயப்பா, கடிச்சுப் போட்ட அதிரசம் மாதிரியில்ல இருக்கு," என்றார். அந்தக் குரலுக்கு லாரிக்குள் ஒளிந்திருந்த இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். பூட்டியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போயிற்று. திருப்பி வாங்கினால் அடுத்த ஆள் வெறுங்கண்ணால் பார்ப்பார். மணி மூன்றே முக்கால். சாராள் வாங்கவில்லை.

4

இங்கே பேனாவை வைத்துவிட்டேன்.

ஒரு முடிவு: படம் கிடைக்கவில்லை, திங்கட்கிழமை முகப்பு காலி. கௌரவமான முடிவு. இன்னொன்று: தவசி ஓடிவந்து கண்ணாடியைத் தருகிறார், மேகம் விலக — வேண்டாம். நல்லது செய்த கைக்குக் கடவுள் ஐந்தே நிமிடத்தில் கூலி கொடுத்து நான் பார்த்ததில்லை. எனக்கே இருபது வருஷப் பாக்கி இருக்கிறது.

ஆனால் ராக்கம்மாள் என்னைக் கேட்டுக்கொண்டு வரவில்லை.

5

கிரகண நேரத்தில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று, பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். கூட்டத்தைப் பார்த்ததும் தேய்த்த பூந்திக் கரண்டியோடு வீதியைக் கடந்து ஸ்டுடியோ வாசலுக்கு வந்தாள். தலையில் கிரகணம் படாதிருக்க அதையே குடையாகப் பிடித்திருந்தாள்.

"ஏத்தா சாராளு, ஊரையே தெருவுக்கு இழுத்து விட்டுட்டியே. படமாவது பிடிச்சியா?"

"கண்ணாடி அங்கன சுத்துதுக்கா," என்று திரும்பிய சாராள் பேச்சை நிறுத்தினாள். ராக்கம்மாளுக்குப் பின்னால், ஸ்டுடியோவின் வெள்ளைச் சுவரில், கரண்டியின் நிழல். அதன் ஒவ்வொரு துளைக்கும் ஒரு வெளிச்சப் பிறை. வரிசை வரிசையாக, எண்பதோ நூறோ சூரியன்கள்.

"அக்கா, கையை இறக்காதீங்க."

"ஏன், தேளா?"

"அசையாம நில்லுங்க."

மூன்று படமும் எடுத்தாள். ஒன்றில் சுவர் நிறையப் பிறைகள். ஒன்றில் கண்ணாடிக்குக் காத்து நிற்கும் வீதி. ஒன்றில் கரண்டியைத் தூக்கிப் பிடித்து, சூரியன்களைத் திரும்பிப் பார்த்து வாய் பிளந்து நிற்கும் ராக்கம்மாள்.

இதைக் கூலி என்று சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கண்ணாடி கையில் இருந்திருந்தால் சாராள் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். கொடுத்ததால் சுவரைப் பார்த்தாள். கொடுத்தவர் நிற்கும் இடத்திலிருந்து மட்டும் தெரிகிற காட்சி அது. இவ்வளவுதான் என் இறையியல்.

6

திங்கட்கிழமை காலை. முகப்பில் பெரிய படம், கீழே, "எடுத்தவர்: சாராள்." எதிரே ராக்கம்மாள் பூந்தி போட்டுக்கொண்டே வருகிறவர் போகிறவரிடம் சொல்கிறாள்: "அதுல நிக்கிறது நாந்தான். கரண்டியும் நம்மளுதுதான்." லாரியிலிருந்து இறங்காமலே தவசி ஒற்றைக் கண்ணால் படத்தைப் பார்த்துக் கும்பிடு போடுகிறார்.

இப்போது அந்த இன்னொரு காரணம். சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், "போட்டோக்காரர் இல்லையா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே இந்தக் கதையின் கடைசி வாக்கியத்தை எழுதும் தகுதி எனக்கில்லை. சாராள் கடையைத் திறந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறாள். படியேறும் முதல் ஆள் நீங்கள். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

என்ன கேட்கப் போகிறீர்கள்?