ஏர் அடிக்காத பொந்து

என் வீட்டுக்காரர் வெங்கடாசலம் போர் போடும் ரிக் லாரியில் ஓடியவர். உலகத்தில் எந்தத் துளையைப் பார்த்தாலும் இவருக்கு கம்ப்ரசரில் ஏர் அடித்துச் சுத்தம் செய்தாக வேண்டும். காதைக்கூட அப்படித்தான் சுத்தம் செய்வாரோ என்று எனக்குச் சந்தேகம்.

எடப்பாடிக்கு மேற்கே நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் சின்னக் கல்குழியில் கிடைப்பது வெங்கச்சங்கல், பெல்ஸ்பார் என்கிற சாதாரணக் கற்கள்தான். ஆனால் பாறைக்கு நடுவே எப்போதாவது களிமண் அடைத்த பொந்து ஒன்று வரும். அதற்குள் படிகங்கள் இருக்கும், புகை நிறத்தில், ஆறு பட்டையும் கூர்முனையுமாக. போன மாதம் வந்த பொந்தில் இவர் கம்ப்ரசர் குழாயை விட்டார். களிமண்ணோடு படிகமும் பறந்து பாறையில் மோதியது. கைக்கு வந்ததெல்லாம் சில்லு. சேலத்தில் கல்லூரி ஆய்வகங்களுக்குப் படிகம் வாங்கித் தரும் கௌசியா அதைப் பார்த்துவிட்டு, "முனை உடையாம ஒண்ணே ஒண்ணு கொண்டு வாங்கக்கா. அப்புறம் வர்றதையெல்லாம் நானே எடுத்துக்கறேன்" என்றாள்.

அதற்குள் கல் உடைக்கும் கிரஷர் வைத்திருக்கும் ஜீவானந்தம் குழியைத் தனக்கு விட்டுவிடச் சொல்லிக் கேட்டுவிட்டார். அவர் கைக்குப் போனால் மொத்தமும் வெடி வைத்து ஜல்லிதான். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக இவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கடப்பாரை பட்ட இடத்தில் களிமண் தெரிந்தது. இவர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார். நான் போய்ப் பொந்தை மறித்து உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரி சாரதா. ரெண்டு நிமிசத்துல அடிச்சுத் தாரேன்."

"என்னையும் சேத்து அடிங்க. நான் எந்திரிக்க மாட்டேனுங்க."

பூச்சிமருந்து அடிக்கிற பம்ப்பில் தண்ணீர் பீய்ச்சி, மூங்கில் குச்சியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். வெயில் ஏறியது. இடுப்பு விட்டுப்போனது. முதலில் வந்த இரண்டும் மண்ணுக்குள்ளேயே எப்போதோ முனை உடைந்தவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னிடமிருந்து பம்ப்பை வாங்கி, நான் காட்டிய இடத்தில் மெதுவாக அடித்தார்.

அடுத்து வந்தது என் உள்ளங்கை நீளம். இவர் தோள்துண்டை விரித்து ஏந்திக்கொண்டார். முனையை விரலால் தொட்டேன். குத்தியது. வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போது பார்த்து ஜீவானந்தம் போன் செய்தார். இவர் துண்டைக் கீழே வைக்காமல், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினார்.

"இல்லீங்கண்ணா, குழி தாரதுக்கில்லீங்க. ஊட்டுல வந்து அதும்மேல உக்காந்துட்டாங்க. எந்திரிக்க மாட்டாங்களாமா."