சிவப்பு அட்டைக்கு மட்டன்

திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு ஓட்டை பஸ்ஸைக் கவிழ்த்துப் போட்டு, பெரிய விபத்து நடந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்று ஒத்திகை பார்க்கப் போகிறார்களாம். மத்தியானச் சோறும் உண்டு என்றதும், அடிபட்டவர்களாகப் படுத்துக்கொள்ள கெடார் கிராமத்திலிருந்து ஒரு லாரி நிறைய ஆட்கள் போனார்கள். வெயிலில் மல்லாட்டைக் கடலை பிடுங்குவதைவிட குற்றுயிராகக் கிடப்பது எவ்வளவோ மேல் என்று சவுரியம்மாளும் புருஷன் சூசைநாதனை இழுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

அங்கே கலைப்பிரியா என்கிற நர்ஸ் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினாள். சிவப்பு என்றால் உயிர் ஊசலாடுகிறது, உடனே தூக்க வேண்டும். பச்சை என்றால் வெறும் சிராய்ப்பு, காத்திருக்கலாம். கருப்பு என்றால் ஆள் போயாச்சு. இதையெல்லாம் அவள் தொண்டை கிழியச் சொல்லத்தான் செய்தாள். பக்கத்தில் ஓடிய பாழாய்ப்போன ஜெனரேட்டர் ஒரு வார்த்தையைக்கூடக் காதில் விழ விடவில்லை.

விளக்கம் கொடுத்தவன் பச்சைமுத்து. கெடாரில் யாருக்கு எது தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்துவிடும். கடையில் விற்கிற பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், சிவப்புப் புள்ளி இருந்தால் கறி, இதுகூடவா தெரியாது என்றான். ஆகவே சிவப்பு அட்டைக்கு மட்டன் பிரியாணி, பச்சைக்குச் சாம்பார் சாதம். கருப்புக்குச் சோறே கிடையாதாம். அவ்வளவுதான், கூட்டம் அடித்துப் பிடித்து, மிச்ச அட்டைகள் இருந்த பெட்டியையும் காலி செய்து சிவப்பை மாட்டிக்கொண்டது. கருப்பு அட்டைகள் பஸ்ஸுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

சூசைநாதனுக்கு முறையாக வந்ததே சிவப்புதான். சவுரியம்மாள் விடுவாளா? தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி தொடக் கூடாது. அவன் கெஞ்சக் கெஞ்ச அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பச்சையை வாங்கி மாட்டினாள். அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தான்.

விசில் ஊதியதும் ஒரே ஓலம். சாயத்தைப் பூசிக்கொண்டு அத்தனை பேரும் துடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சூசைநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. கோபம்தான் என்று நினைத்தாள் சவுரியம்மாள். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்ந்தபோதுதான் அது கோபமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஓடிப்போய் கலைப்பிரியாவின் கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், என் வூட்டுக்காரரு நெஞ்சைப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாரு. நடிப்பு இல்ல சிஸ்டர், நெசமாவே."

கலைப்பிரியா பாவம், நாலா பக்கமும் சிவப்பாகப் பார்த்துக் கிறுகிறுத்துப் போயிருந்தாள். தூரத்திலிருந்தே பச்சையைப் பார்த்துவிட்டு, பச்சைக்காரர்கள் அப்புறம்தான் என்று அடுத்த ஆளிடம் ஓடினாள். மைக் வைத்திருந்த டாக்டர் சீனுவாசனோ, இந்த அம்மா மாதிரி எல்லாரும் உணர்ச்சியாக அழ வேண்டும் என்று பாராட்டினார். வேடிக்கை பார்க்க வந்த அதிகாரிகள் கை தட்டினார்கள். அட கடவுளே, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறவளுக்குக் கைதட்டல்!

அவளுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. சிவப்பு மாட்டியவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கறி தின்கிறவனுக்குத்தான் இங்கே வைத்தியம். நேரே பச்சைமுத்துவிடம் போனாள். அவன் உயிர் ஊசலாடியபடி கண்ணை மூடிக் கிடந்தான். அட்டையைக் கேட்டதும் ஒரு கண்ணைத் திறந்தான்.

"முட்டைகூட வைக்கிறாங்களாம் அக்கா. வேற யாரையாச்சும் கேளு."

அவள் அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, கயிற்றோடு அட்டையைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். சாகக் கிடந்தவன் எழுந்து துரத்தினான்.

பச்சையைக் கழற்றி எறிந்து சிவப்பை மாட்டியதுதான் தாமதம், ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. கூடவே ஓடி வந்த கலைப்பிரியா, ஒத்திகைக்காக நாடியைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை. அவள் முகம் மாறிப் போனது.

"சார், மைக்கைக் கீழ வைங்க. இவருக்கு நெஜமாவே அட்டாக்."

ஆம்புலன்ஸ் விழுப்புரத்துக்குப் பறந்தது. ஒத்திகை நாள் இல்லையா, அங்கே ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர்களும் ஊசிகளும் ஆக்சிஜனும் வரிசை கட்டி நின்றன. கெடாரிலிருந்து போன எவனையும் அதுவரை அப்படி யாரும் எதிர்கொண்டு அழைத்ததில்லை. பொழைத்துக்கொள்வார் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் சவுரியம்மாள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பச்சைமுத்து போனில் கூப்பிட்டு, எல்லாருக்கும் சாம்பார் சாதம்தான் போட்டார்கள் என்று அவனும் அழாத குறையாகச் சொன்னான்.

சாயங்காலம் சூசைநாதன் கண் திறந்தான். கழுத்தில் இன்னும் அட்டை கிடந்தது. தடவிப் பார்த்தான், தூக்கிப் பார்த்தான், அதற்காகக் கெஞ்சியவனே சாவைத் தொட்டு வந்த பயத்தில் பதறிப் போனான்.

"அடிப்பாவி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறி அட்டையா மாட்டிவுட்ட?"

சவுரியம்மாள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட நான் சொல்லிக்கிறேன்யா. நீ மூச்சு வுடு."