சுவரைப் பார்த்து வைத்த படங்கள்

என் வீட்டுக்காரருக்கு எல்லாமே "நல்லா இருக்கு"தான். புதுத் திரைச்சீலை நல்லா இருக்கு, என் தம்பி மீசை நல்லா இருக்கு, பல்லைப் பிடுங்கிய டாக்டர்கூட நல்லா இருக்கிறார். அந்த வாய் என் ஓவியங்களையும் நல்லா இருக்கு என்றால் நான் எப்படி நம்புவது?

ஓவிய வகுப்பில் கண்காட்சிக்கு ஆளுக்கொரு படம் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை கடைசி நாள். நான் கொடுப்பதாக இல்லை. நாலு பேர் முன்னால் மானம் போவதைவிட கம்மென்று இருந்துவிடலாம். வரைந்ததையெல்லாம் துணி தேய்க்கும் அறையில், சுவரைப் பார்த்துத் திருப்பி அடுக்கிவிட்டேன். அவற்றின் முகத்தில் விழிக்கவே வெறுப்பாக இருந்தது.

அந்த வாரம்தான் கவனித்தேன். கடைசியில் வைத்த மாடிப்படிப் படம் முன்னால் வந்திருந்தது. ஆளே இல்லாத வெறும் மாடிப்படி, வகுப்புக் கட்டடத்தில் உட்கார்ந்து வரைந்தது. பின்னால் தள்ளி வைத்தேன். மறுநாள் திரும்பவும் முன்னால். வீட்டில் இருப்பதோ நாங்கள் இரண்டு பேர். போட்டோ எடுத்து ஆபீஸ் சிநேகிதர்களுக்கு அனுப்பிச் சிரிக்கிறாரா? பழைய பேப்பரோடு போடப் பார்க்கிறாரா? கேட்டால் மழுப்புவார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

வகுப்பில் ஒருத்திக்குப் 'பரிசுக்காரி' என்றே பட்டப்பெயர். அதே மாடிப்படியை, அதே இடத்திலிருந்து அவளும் வரைந்திருந்தாள். ஒரு கோடு பிசகாது. அதை இரவல் வாங்கி வந்து, என்னுடையதை பீரோவில் ஒளித்துவிட்டு, அந்த இடத்தில் வைத்தேன். இதையும் என் படமென்று நினைத்து நல்லா இருக்கு என்று சொல்லட்டும், அப்புறம் இருக்கிறது அவருக்கு.

வெள்ளிக்கிழமை காலை அவர் சட்டை தேய்க்கப் போனதும் கதவோரம் ஒளிந்து நின்றேன். மனுஷன் நேரே போய் மாடிப்படியை எடுத்தார். ஜன்னலோர நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு அடுக்கு முழுவதையும் குடைந்தார். குனிந்து மேஜைக்கு அடியில்கூடத் தேடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய், அங்கே என்ன துழாவல் என்று அதட்டினேன்.

திருதிருவென விழித்தார். "மாடிப்படியக் காணோம்."

"நாற்காலியில இருக்கிறது என்னவாம்?"

"இது நீ வரைஞ்சது இல்ல."

நான்தான் வரைந்தேன் என்று சாதித்தேன். அவர் அசையவில்லை.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சும்மா படி. உன்னோடதுல இப்பதான் யாரோ மேல ஏறிப் போயிருக்காங்க. தினமும் தேய்க்கிறப்ப பாத்துக்கிட்டே இருக்கேன், அந்த ஆள் இன்னும் இறங்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்று நான் வரைய உட்கார்ந்தபோது, கூட்டிப் பெருக்கும் அம்மாள் வாளியோடு அப்போதுதான் மேலே போயிருந்தாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. படத்தில் ஒரு ஈரச் சுவடுகூட வரையவில்லை.

அவர் இப்போது என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "கிழிச்சுப் போட்டுட்டியா?"

எனக்கு அழுகைதான் வந்தது. பீரோவைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பாடா என்று மூச்சு விட்டு, அதை நாற்காலியில் வைத்தார்.

இது நாளைக்குக் கண்காட்சிக்குப் போகிறது என்றேன்.

இஸ்திரிப் பெட்டியைத் தொடப் போன கை நின்றது.

"திருப்பிக் குடுத்துடுவாங்கல்ல?" என்றார்.