வண்டி திரும்பும் வாசல்

கூடாரக்காரர் மூன்றாவது முளையையும் வளைத்துவிட்டார். சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தன்னை ஏமாற்றிய ஆளைப் பார்ப்பதுபோல் வாசலைப் பார்த்தார்.

“என்னம்மா இது, வீட்டு வாசலா, ஹைவேயா? இரும்பே வளையுது.”

இன்பராணி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். புல் பூண்டு எதுவும் இல்லை. களிமண் இறுகிப் பாறையாகக் கிடந்தது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே இடத்தில்தான் அம்மா மரவள்ளி நட்டிருந்தாள். உள்ளே கூடத்தில் அப்பா பெட்டியில் படுத்திருக்கிறார். ஒன்றரைக்குச் சவ வண்டி, இரண்டு மணிக்குத் தங்காக் மாதா கோயிலில் பூசை. இந்த நேரத்தில் மகள்காரி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருக்கிறாளே என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எத்தனை வண்டி ஏறி இறங்கினால் மண் இப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“முளை வேணாண்ணே. பெயிண்ட் டின்ல மண்ணு போட்டுக் கட்டிருங்க. நடுவுல எடம் விடுங்க, வண்டி திரும்பணும்.”

சொன்ன பிறகுதான் அது அப்பா சொல்கிற வார்த்தை என்று உறைத்தது.

அந்தக் கூடாரமே இன்றைக்கு, திங்கட்கிழமை காலையில்தான் கிடைத்தது. மூன்று நாள் விடுமுறை. ஊரில் இருந்த கூடாரமெல்லாம் ரோட்டோர டுரியான் கடைகளுக்குப் போய்விட்டன. சனிக்கிழமை சாயங்காலம் செத்துப்போனவருக்கு நிழல் போட ஒன்றுகூட மிச்சமில்லை. மலை பார்க்க வருகிறவர்களுக்குப் போகத்தான் ஊர்க்காரர்களுக்கு எதுவும் என்று ஆகிவிட்டது.

அப்பா ரபேல் முப்பத்திரண்டு வருடம் செம்பனை லாரியில் கெலிண்டானாக இருந்தவர். டிரைவர் மகாராசாவாட்டம் உட்கார்ந்திருப்பார். கெலிண்டான்தான் இறங்கிப் பின்னால் நின்று, “கோஸ்தான், கோஸ்தான்” என்று லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, போதும் என்றால் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலை அவரைத் தேடி வீட்டுக்கே வந்தது. சனி ஞாயிறில் மலைக்குப் போகிற பெரிய ரோடு அடைத்துக்கொள்ளும். உடனே கைப்பேசி மேப், குறுக்கு வழி இருக்கிறது என்று வண்டிகளை இந்த லோரோங் சந்துக்குள் அனுப்பிவிடும். குறுக்கு வழி இருந்தது உண்மைதான். பாலம் வெள்ளத்தில் போய் ஆறு வருடமாகிறது என்பது மேப்புக்குத் தெரியாது. நாலு வீடு, கடைசியில் அப்பா வீடு, அதைத் தாண்டினால் ஆறு. உள்ளே வந்த வண்டி திரும்ப வேண்டுமென்றால் அவர் வாசலை விட்டால் வேறு இடமில்லை.

போன மாதம் ஒரு வேன்காரன் அவர் காலில் ஏற்றிவிட்டான். தான் குடியிருக்கும் தெப்ராவிலிருந்து இன்பராணி ஓடி வந்து பார்த்தபோது பாதம் நாவற்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. அந்தக் காலோடும் அவர் கேட் பக்கம் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

“கேட்ட மூடித் தொலைங்கப்பா.”

“மூடுனா அவங்க எங்க திரும்புவாங்க?”

“அது ஒங்க தலவலியா?”

“அப்புறம் யாரு தலவலி?” என்றார் ரபேல். அதோடு பேச்சு முடிந்தது.

இன்பராணிக்கு முடியவில்லை. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், எல்லைப் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு, மேப்பைத் திறந்து புகார் எழுதினாள். என்ன தவறு என்று அது கேட்டது. கொடுத்திருந்த வரிகளில் ‘இப்படி ஒரு சாலையே இல்லை’ என்பதுதான் அழுத்தமாகப் பட்டது. அதைத் தொட்டுவிட்டாள். மூன்று வாரம் கழித்து, இந்த வெள்ளிக்கிழமை பதில் வந்தது. உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது, நன்றி.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா போன் செய்தார்.

“ராணி, ரோட்ட எங்கயாச்சும் அடைச்சிட்டாங்களா? லீவு நாளு, ஒரு வண்டியும் காணமே.”

“நல்லதுதானப்பா. கால நீட்டிப் படுங்க.”

தான்தான் காரணம் என்று அவள் சொல்லவில்லை. நேரில் வந்து சொல்லி, அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தாள். ஐந்து மணிக்கு அவர் போய்விட்டார். இதயம், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்றார் டாக்டர். அந்த எப்போது வேண்டுமானாலும் என்பதைத்தான் இரண்டு நாளாக இன்பராணி மென்றுகொண்டிருக்கிறாள். அந்த மத்தியானம் முழுக்க அவர் எப்படி இருந்தார்? முகம் வாடியிருந்ததா? யாரிடம் கேட்பது?

பக்கத்து வீட்டுக் காளியம்மாதான் அவரைக் கடைசியாகப் பார்த்தவள். சமையல்கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். இன்பராணி போய்ப் பக்கத்தில் நின்றாள்.

“காளிக்கா, சனிக்கெழம அப்பா என்ன பண்ணாரு?”

“எத்தன வாட்டிடி கேப்ப? சொன்னேன்ல, நாற்காலியில இருந்தாரு.”

“சும்மாவா?”

காளியம்மா குவளையை வைத்தாள். அவளும் அந்தத் தப்பான வழியில் பிழைத்தவள்தான். வழி தெரியாமல் வந்து திரும்புகிற கார்களுக்குப் பீசாங் கோரேங் பொரித்து விற்பாள். “அன்னிக்கி ஒரு சட்டி வாழப்பழம் பொரிச்சு வச்சிட்டுக் காத்துக் கெடக்கறேன், ஈ காக்கா இல்ல. உங்கப்பா ரெண்டு தடவ சிம்பாங் முக்கு வரைக்கும் நடந்து போயி பாத்துட்டு வந்தாரு. அந்தக் காலோட. பெரிய ரோட்டுல வண்டி வரிசையா நிக்கிதாம், ஒண்ணுகூட இங்க திரும்பலயாம். அவருக்கு ஒரே ஆச்சரியம். அப்புறம், ‘காளி, கொண்டா, இன்னிக்கி நாமதான் டூரிஸ்ட்டு’ன்னு சொல்லி ரெண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டாரு. சிரிச்சாரு. தட்ட எடுக்கப் போனப்பதான்...”

சிரித்தாராம். இன்பராணி அதைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அந்தக் காலோடு இரண்டு தடவை நடந்தார் என்பதும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று தன்னையே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

அடுப்புக்கு மேலே சீனன் கடை காலண்டர் தொங்கியது. கட்டம் கட்டமாக அப்பாவின் கோணல் எழுத்து. கடன், மருந்து, ஏதாவது இருக்கும் என்று அவள் இதுவரை கவனித்ததில்லை. இன்றைக்குக் கிட்டப் போய்ப் படித்தாள்.

‘சிரம்பான். புது மாப்பிள்ளை பொண்ணு. கல்யாணம் ஆகி நாலு நாள். சண்டை.’

‘சிங்கப்பூர் சீனர். பின் சீட்டில் ஆமை.’

‘பினாங்கு வாத்தியார். என்னை விட நல்லா கோஸ்தான் எடுத்தார்.’

‘கால் நசுங்கியது. வேன் பையன் அழுதான். பாவம்.’

சனி ஞாயிறு ஒன்றுவிடாமல் எழுதியிருந்தார். தெப்ரா இரண்டரை மணி நேரம்தான், கூப்பிட்டால் வரமாட்டார். அங்கே எனக்கு யாரைத் தெரியும் என்பார். இவருக்கு இத்தனை பேரைத் தெரிந்திருக்கிறது. இன்பராணி விரலை நகர்த்தி நகர்த்திக் கடைசிச் சனிக்கிழமைக்கு வந்தாள்.

‘வண்டி இல்லை. ராணியிடம் பேசினேன்.’

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். காளியம்மா காப்பியை நீட்டியது தெரியவில்லை.

“அக்கா.” திமோத்தி உள்ளே வந்தான். அவளுடைய தம்பி, தங்காக்கில் ஜவுளிக்கடையில் வேலை. காதில் போனை வைத்துக்கொண்டே பேசினான். “சவ வண்டிக்காரனுக்கு எடம் தெரியல. மூவார் ஆளு. மேப்ல இந்த லோரோங்கே இல்லங்கறான். மலைக்குப் போற ஜாம்ல மாட்டிக்கிட்டு நிக்கிறான். கோத்தா திங்கி சித்தப்பாவும் ஒரு மணி நேரமா இங்கயே சுத்திக்கிட்டு இருக்காராம். எந்தப் பைத்தியக்காரன் இதப் பண்ணான்னு தெரியல.”

“நான்தான்.”

“என்ன நான்தான்?”

“மேப்ல எடுக்கச் சொன்னது. அப்பா காலப் பாத்துட்டு, வண்டி வராம இருக்கட்டும்னு. வெள்ளிக்கெழம எடுத்துட்டாங்க.”

திமோத்தி போனைக் காதிலிருந்து இறக்கினான். அவன் வாய் திறந்ததைப் பார்த்து, திட்டட்டும் என்று நின்றாள். அவன் கூடத்தில் எரிந்த மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சனிக்கெழம வர்றேன்னு நானும் சொல்லியிருந்தேன்கா. கடையில டூரிஸ்ட் கூட்டம். விடல.”

மணி ஒன்றே முக்கால்.

“பூசைக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஃபாதருக்குப் போன் போடு” என்றாள் இன்பராணி. “நான் சிம்பாங்குக்குப் போறேன்.”

வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லோரோங்கில் நடந்தாள். பாதி ஓட்டம்தான். பெரிய ரோட்டில் வண்டிகள் முட்டி மோதி நின்றன. கூரையில் சைக்கிள் கட்டிய கார்கள், பள்ளிப் பிள்ளைகள் பஸ், சிங்கப்பூர் எஸ் நம்பர், உள்ளூர் ஜே நம்பர். நடுவில் நின்று கையை உயர்த்தினாள். சவ வண்டி தூரத்தில், விளக்கு சுழலத் தெரிந்தது. ஊர்ந்து வந்தது.

அதற்கு முன்னால் நின்ற மைவி காரின் கண்ணாடி இறங்கியது. ஓட்டியவர் தமிழர், நடுவயது. அவள் புடவையைப் பார்த்துத் தயங்கினார்.

“அக்கா, அருவிக்கு இப்படித்தானே?”

“நேராப் போங்க. உள்ள திரும்பிடாதீங்க, பாலம் இல்ல.” கார் நகர்ந்துவிடும்போல் இருந்தது. அவள் கதவில் கை வைத்தாள். “எங்கேருந்து வர்றீங்க?”

“குளுவாங்.”

“கூட யாரு?”

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னார். “தங்கச்சி. அப்புறம் அவ பூனை. விட்டுட்டு வர மாட்டேன்னுட்டா.”

குளுவாங், தங்கச்சி, பூனை. இன்பராணி மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள். மறந்துவிடக் கூடாது என்று இன்னொரு முறையும் சொல்லிக்கொண்டாள். காலண்டரில் திங்கட்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது.

சவ வண்டி வந்ததும் பெரிய ரோட்டை மறித்து நின்று அதை உள்ளே திருப்பிவிட்டாள். நான்கைந்து கார்கள் ஹார்ன் அடித்தன. அடிக்கட்டும். பின்னாலேயே சித்தப்பாவின் காரும் நுழைந்தது. அவள் முன்னால் வேகமாக நடந்தாள், இரண்டும் மெதுவாகப் பின்தொடர்ந்தன.

பெட்டியை ஏற்ற வண்டியின் பின்புறம் கூடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே நின்று டிரைவர் வாசலை அளந்தான். ஒரு பக்கம் கூடாரம், ஒரு பக்கம் சாக்கடை.

“அலமாக், இதுல எப்படிக்கா திருப்பறது?”

“திரும்பும்” என்றாள் இன்பராணி. “நான் சொல்றேன், வா.”

சிவப்பு நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் நின்றாள். கையைத் தன் பக்கமாக மடக்கி அசைத்தபடி பின்னுக்கு நடந்தாள்.

“கோஸ்தான். கோஸ்தான். ஸ்டீரிங்க ஒடி. இன்னும் ஒடி. நேராக்கு. கோஸ்தான், கோஸ்தான், வா வா வா...”

செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இறுகிய மண்ணில் டயர் சத்தமில்லாமல் உருண்டு வந்தது. வண்டியின் பின்கதவு அவள் நெஞ்சுக்கு ஒரு முழத்தில் வந்தபோது டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

“போதுமாக்கா?”

இன்பராணி உள்ளங்கையால் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

வண்டி நின்றது. தகரம் வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.